மரக்கோலா, கார்பன் கோலா? சரக்கு எடுக்கும் முன் ஒரு கணக்கு



புளி, மிளகாய், வெல்லம், பருப்பு என்று எழுதிவந்த நாம், இந்த இதழில் பூல் விளையாட்டுக் கோலைப் பற்றி எழுதுவதைப் பார்த்து, "பெரியவருக்கு என்ன ஆயிற்று?" என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. நமது தம்பி மகன் படிப்பை முடித்துவிட்டு, மொரப்பூரில் நமது கிடங்கின் மாடியிலேயே இரண்டு மேஜை போட்டு, பூல் விளையாட்டுக் கூடம் நடத்த விரும்பினான். முதலீடு என்று பார்த்தால் அவன் அப்பா சீட்டு எடுத்து வைத்திருந்த பணம், போதாததற்கு வட்டிக்கடன். அவன் கொண்டுவந்த பட்டியலில் எட்டுக் கோல்கள் இருந்தன. எட்டும் கார்பன் ஃபைபர் கோல்கள்.

"ஏன் தம்பி, மரக்கோல் ஆகாதா?" என்று கேட்டோம். "இப்போது எல்லாரும் கார்பனுக்கு மாறிவிட்டார்கள், பெரியப்பா" என்றான். எல்லாரும் மாறிவிட்டார்கள் என்பது சரக்கு விற்பவர் சொல்லும் பேச்சு. வாங்குபவர் அதையே காரணமாகச் சொல்லக் கூடாது. எனவே முறையாக விசாரித்தோம். நமது சங்க உறுப்பினர் பலருடைய பிள்ளைகளும் இப்படிப் புதுத் தொழில்களில் இறங்குகிறார்கள். அவர்களுக்கும் பயன்படட்டும் என்று, விசாரித்து அறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

நம் மண்ணுக்குப் புதிதல்ல

கோலால் பந்தைத் தட்டும் இந்த விளையாட்டுகளை வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று ஒதுக்க முடியாது. பூல் விளையாட்டுக்கு உறவான ஸ்னூக்கர் நம் நாட்டில் பிறந்தது. 1875இல் ஜபல்பூர் ராணுவ முகாமில் நெவில் சேம்பர்லின் என்ற ஆங்கிலேய அதிகாரி தொடங்கிவைத்த ஆட்டம் அது. அதன் விதிகள் எழுத்தில் வந்து சுவரில் ஒட்டப்பட்டது நம் நீலகிரியில், உதகமண்டலம் கிளப்பில், 1882இல். சுதந்திர இந்தியாவிலிருந்து தனிநபர் விளையாட்டில் முதன்முதலில் உலகப் பட்டம் வென்றவரும் கோல் பிடித்தவர்தான். 1958இல் கல்கத்தாவில் பில்லியர்ட்ஸ் பட்டம் வென்ற வில்சன் ஜோன்ஸ் அவர். நம் காலத்தில் பெங்களூரைச் சேர்ந்த பங்கஜ் அத்வானி பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் இரண்டிலுமாக 25க்கும் மேற்பட்ட உலகப் பட்டங்களை வென்றிருக்கிறார்.

பழைய பொருளுக்கும் புதிய பொருளுக்கும் போட்டி வருவதும் இந்த விளையாட்டுக்குப் புதிதல்ல. ஒரு காலத்தில் பந்துகளை யானைத் தந்தத்தில் கடைந்தார்கள். ஒரு தந்தத்தில் சில பந்துகளே தேறும். 1860களில் அமெரிக்க வியாபாரிகள், தந்தத்துக்கு மாற்றுப் பொருள் கண்டுபிடிப்பவருக்கு 10,000 டாலர் பரிசு என்று அறிவித்தார்கள். அதைக் கேட்டு முயற்சியில் இறங்கிய ஜான் வெஸ்லி ஹயாத் என்ற அச்சுத் தொழிலாளி செல்லுலாய்டை உருவாக்கினார். இன்று நல்ல பந்துகள் ஃபீனாலிக் என்ற பிசின் வகையில் செய்யப்படுகின்றன. தந்தத்துக்கு யாரும் திரும்பிப் போகவில்லை, போகவும் கூடாது. ஆகவே பழையது என்பதால் மட்டும் ஒரு பொருள் நல்லது என்றும் சொல்வதற்கில்லை.

மேப்பிள் மரம்

பூல் கோல் ஏறக்குறைய 58 அங்குல நீளம். எடை 18 முதல் 21 அவுன்ஸ், அதாவது அரைக் கிலோவுக்குச் சற்று மேல். நல்ல கோல்கள் இரண்டு துண்டாக வரும். கையில் பிடிக்கும் பின்பாதி ஒன்று. பந்தை நோக்கிப் போகும் மெல்லிய முன்பாதி ஒன்று. முன்பாதியை ஷாஃப்ட் என்கிறார்கள். அதன் நுனியில் 12, 13 மில்லிமீட்டர் அகலத்தில் தோல் முனை ஒட்டியிருக்கும். சண்டையெல்லாம் இந்த ஷாஃப்டைப் பற்றியதுதான்.

பூல் ஷாஃப்டுக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டுவருவது வட அமெரிக்காவின் கெட்டி மேப்பிள். இதன் ஊறலைக் காய்ச்சித்தான் மேப்பிள் பாகு எடுக்கிறார்கள். மரம் வெளிர் நிறம், ரேகை நெருக்கம், கைக்கு வழுவழுப்பு. ஸ்னூக்கர் கோலுக்கு ஆஷ் மரத்தைப் பெரும்பாலும் விரும்புவார்கள். நல்ல பட்டறைகளில் மரத்தை ஒரே நாளில் கடைந்து முடிப்பதில்லை. கொஞ்சம் கடைவார்கள், பல வாரம் தொங்கவிடுவார்கள், மறுபடி கடைவார்கள். வளைய வேண்டிய மரம் அந்த இடைவெளியில் வளைந்துவிடும், அதைக் கழித்துவிடுவார்கள். விலை ஏறுவது இந்தக் காத்திருப்பினால்தான்.

மரத்தின் குறை நமக்கெல்லாம் தெரிந்ததே. ஈரத்தை இழுக்கும், வெயிலில் விடும். சுவரில் சாய்த்து வைத்தால் வளையும். மேஜை விளிம்பில் மோதினால் பள்ளம் விழும். கை வியர்வையும் அழுக்கும் ஏறிப் பிசுபிசுக்கும்.

கார்பன் ஃபைபர் என்றால் என்ன?

பெயர்தான் பெரிது, அடிப்படை நமக்குப் பழக்கமானதே. நம் பக்கத்தில் வேலிக்கருவேல் மரத்தை அடுக்கி, மேலே மண் பூசி மூட்டம் போடுகிறார்கள். காற்று தாராளமாகப் புகாததால் மரம் சாம்பலாகாமல் கரியாகிறது. அதே தத்துவம்தான். இங்கே மரத்துக்குப் பதில், செயற்கைக் கம்பளியில் வரும் அக்ரிலிக் வகை இழை. அதை முதலில் மிதமாகச் சூடாக்கி, பிறகு காற்றில்லாத உலையில் 1,000 டிகிரிக்கு மேல் காய்ச்சினால் கரியிழை கிடைக்கும். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு தடிமன்தான். அந்த இழைகளைப் பிசினில் நனைத்து, குழாயாகச் சுற்றி இறுகவைக்கிறார்கள். எஃகைவிட மிக லேசு, எடைக்கு எடை பார்த்தால் விறைப்பும் அதிகம். விமானத்துக்குப் பயன்பட்ட இந்தப் பொருள் 1970களில் கோல்ஃப் மட்டைக்கும் தூண்டில் கழிக்கும் வந்தது. பூல் கோலுக்குப் பரவலானது அண்மையில்தான். பிரிடேட்டர் என்ற அமெரிக்க நிறுவனம் 2016–17 வாக்கில் ரெவோ என்ற கார்பன் ஷாஃப்டைக் கொண்டுவந்த பிறகு மற்ற நிறுவனங்களும் வரிசையாக இறங்கின. இப்படிப்பட்ட முதல்தர ஷாஃப்ட் ஒன்று அமெரிக்காவில் 500 டாலர் அளவில் விற்கிறது. அதாவது முன்பாதிக்கு மட்டும் நம் பணத்தில் ரூ.40,000க்கு மேல் ஆகிறது.

இதன் நன்மைகளை மறைக்கக் கூடாது. ஈரத்திலும் வெயிலிலும் வளையாது. எளிதில் பள்ளம் விழாது. ஈரத்துணியால் துடைத்தால் போதும், புதிதுபோல் இருக்கும்.

பந்து ஏன் விலகுகிறது?

கார்பனுக்கு அவர்கள் சொல்லும் இன்னொரு பெருமை, பந்து நேராகப் போகும் என்பது. இதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பந்தை நடுவில் அடித்தால் எந்தக் கோலாலும் நேராகவே போகும். சுழற்சி கொடுப்பதற்காக இடது ஓரத்தில் அடித்தால், பந்து சற்றே வலப்பக்கம் விலகி ஓடும். எவ்வளவு விலகும் என்பது கோலின் நுனிப் பகுதியின் எடையைப் பொறுத்தது.

சந்தைக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். தலையில் மூட்டையோடு வருபவர் ஒதுங்க மாட்டார். எதிரே வருபவர்தான் ஒதுங்க வேண்டும். வெறுங்கையோடு வருபவர் தாமே ஒதுங்கிக்கொள்வார். கோல் நுனி கனமாக இருந்தால் பந்து ஒதுங்குகிறது. நுனி லேசாக இருந்தால் கோலே ஒதுங்கிவிடுகிறது. பந்தின் விலகல் குறைகிறது. கார்பன் குழாய் உள்ளே வெற்றிடம் என்பதால் நுனியை லேசாகச் செய்ய முடிகிறது.

ஆனால் இது கார்பனுக்கு மட்டும் உரிய வித்தை அல்ல. மேப்பிள் ஷாஃப்டின் நுனியில் துளையிட்டு, எடை குறைத்து, விலகலைக் குறைக்கும் முறை 1990களிலேயே வந்துவிட்டது. மேலும், எவ்வளவு விலகும் என்று தன் கோலைப் பழகிக் கற்றவர் அதற்கேற்பக் குறி வைத்துக்கொள்வார். உலகப் பட்டங்கள் பல தலைமுறையாக மரக்கோலால் வெல்லப்பட்டவைதான். நடுப்பந்தையே ஒழுங்காக அடிக்கப் பழகாத பையனுக்கு இந்த நன்மையால் என்ன லாபம்?

மண்வெட்டிப் பிடி சொன்ன பாடம்

பல வருடங்களுக்கு முன் ஒரு மொத்த வியாபாரியின் பேச்சை நம்பி, ஃபைபர் பிடி போட்ட மண்வெட்டிகளை நாமும் வாங்கி அடுக்கினோம். முதல் மாதம் நன்றாக ஓடியது. ஒரு கோடை வெயில் பட்டதும் பிடியின் மேல்பூச்சு உரிந்து, இழை கிளம்பி, உள்ளங்கையில் குத்தி அரித்தது. உடைந்த பிடியோடு வந்தவர்கள் கேட்டது ஒரே கேள்வி: "இதற்குப் பிடி யார் போடுவார்?" மரப்பிடி முறிந்தால் ஊர் ஆசாரி அரைமணி நேரத்தில் போட்டுக் கொடுத்துவிடுவார். இதற்கு ஆளில்லை. மீதிச் சரக்கு பரணில் தூங்கியது. போட்ட பணமும் அதனோடு தூங்கியது.

கோலிலும் இதே கேள்வியைக் கேட்டோம். கோலில் முதலில் தேய்வது தோல் முனை. பொதுக்கூடத்தில் அதை அடிக்கடி மாற்ற வேண்டும். மரக்கோல் என்றால் பிளேடு, உப்புத்தாள், பசை இருந்தால் கைப்பழக்கத்தில் செய்துவிடலாம். கார்பனில் பிளேடு தவறினால் கீறல் விழும், அது மறையாது. தேய்த்தால் கிளம்பும் கரித்தூள் மூச்சுக்குக் கெடுதல். முகமூடி போட வேண்டும். பலமாக மோதி இழை விரிந்துவிட்டால் ஷாஃப்டைத் தூக்கி எறிவதைத் தவிர வழியில்லை.

சேலத்தில் கண்டது

இவ்வளவும் தெரிந்தபின் மரமே உத்தமம் என்று முடிவு கட்டியிருந்தோம். பையன் விடவில்லை. சேலத்தில் ஒரு கூடத்துக்கு அழைத்துப் போனான். சுவரில் சாய்த்து வைத்திருந்த பன்னிரண்டு மரக்கோல்களை ஒவ்வொன்றாக மேஜை மேல் உருட்டிக் காட்டினான். நேரான கோல் சீராக உருளும். வளைந்த கோலின் நுனி ஏறி இறங்கும். பன்னிரண்டில் ஏழு ஏறி இறங்கின. "பெரியப்பா, நம் கிடங்கு மாடி தகரக் கூரை. சித்திரை வெயிலில் அங்கே என்ன ஆகும்?" என்று கேட்டான்.

நமக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. மரக்கோல் மலிவு என்று நாம் போட்ட கணக்கில், அதைப் பராமரிக்கும் செலவைச் சேர்க்கவில்லை. வெல்லம் வாங்கி அடுக்குபவன் கசிவைக் கணக்கில் சேர்க்காமல் விலை சொல்வதுபோல ஆகிவிட்டது.

கடைசியில் போட்ட கணக்கு

இருவரும் உட்கார்ந்து பேசினோம். நாம் விசாரித்த விலைப்படி, ஒரு நல்ல கார்பன் கோலுக்குக் கொடுக்கும் பணத்தில் ஏழு சாதாரண மேப்பிள் கோல் வாங்கலாம். இரண்டு வருடத்தில் பாதி மரக்கோலைக் கழித்துப் புதிது வாங்கினாலும் மரமே மலிவு. எனவே கூடத்துக்கு எட்டு மரக்கோல், கூடுதலாக இரண்டு. கார்பன் ஒன்றே ஒன்று, அதுவும் பழகிய ஆட்டக்காரர் முன்பணம் கட்டி எடுப்பதற்கு. மிஞ்சிய பணத்தில் கூரைக்கு உட்தட்டி அடித்தோம். மேஜையை ரசமட்டம் வைத்துச் சமப்படுத்தினோம். கோல்களைச் சாய்க்காமல் நேர் நிமிர்த்திப் பிடிக்கும் சட்டம் அடித்தோம். வட்டிக்கடன் வாங்கவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு நாம் கண்ட சில குறிப்புகள்:

கோலை உருட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். கண்ணுக்கு நேரே பிடித்தும் பாருங்கள்.

மேப்பிள் என்ற பெயரில் மலிவான வேறு மரங்களும் வருகின்றன. ரேகை கோலின் நீளத்துக்கு நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். குறுக்கே ஓடினால் முறியும்.

கறுப்பாக இருப்பதெல்லாம் கார்பன் அல்ல. மரத்தின் மேலோ கண்ணாடி இழையின் மேலோ கறுப்புப் பூச்சுப் பூசியும் விற்கிறார்கள். விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால் நம்ப வேண்டாம். என்ன பொருளில் செய்தது என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

நுனியில் தேய்க்கும் நீலக்கட்டி பள்ளிக்கூடச் சாக்கட்டி அல்ல. தோல் வழுக்காமல் பிடிப்பதற்காகச் சிலிக்காத் தூளும் உராய்வுத் தூளும் சேர்த்துச் செய்வது. சாக்கட்டியை வைத்து மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கூடம் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. ஒரு கோடை போயிற்று. இதுவரை இரண்டு கோல் வளைந்து கழிந்தன. ஒன்பது முறை தோல் முனை மாற்றியாயிற்று, எல்லாம் பையனே உட்கார்ந்து செய்தது. கார்பன் கோலுக்கு நால்வர் வாடிக்கை. அரூர்ப் பக்கத்திலிருந்து வரும் ஒரு இளைஞர் அதில் பழகிவிட்டு, சொந்தமாக ஒன்று வாங்கப் பணம் சேர்க்கிறார். அவர் ஆட்டத்துக்கு அது தேவை, வாங்கட்டும். சென்ற வாரம் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் நமது மரக்கோலில் மூன்று பந்துகளைத் தொடர்ந்து குழியில் இறக்கியதையும் பார்த்தோம். அவனுக்கு இப்போதைக்கு அது போதும்.

புதுச் சரக்கு வரும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது தீர்க்கும் குறை நம் வாடிக்கையாளருக்கு இருக்கிறதா? கெட்டால் நம் ஊரில் சரிசெய்ய ஆள் உண்டா? பழைய சரக்கின் சேதத்தையும் கணக்கில் சேர்த்துத்தான் விலையை ஒப்பிட்டோமா? மூன்றாவது கேள்வியை நமக்குக் கற்றுக்கொடுத்தவன் தம்பி மகன். அறுபது வயதுக்கு மேல் கற்றுக்கொள்வதில் வெட்கமில்லை.