உப்புத் தண்ணீருக்கு ஒரு மீட்டர்

பருத்தித் துணி தண்ணீரில் நனைந்ததும் அதன் இழைகள் எதிர்மின்னூட்டம் பெறுகின்றன. பனியனுக்கு ஏற்றும் ரியாக்டிவ் சாயமும் எதிர்மின்னூட்டம் கொண்டது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். நடுவில் தரகராக இறங்குவது உப்பு. அடர் நிறமென்றால் லிட்டருக்கு 60 கிராம், சில சமயம் அதற்கு மேலும் போடுவார்கள். ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணீர் என்று வைத்தால் கிட்டத்தட்ட அரைக் கிலோ உப்பு. சாயம் ஏறி முடிந்ததும் அந்த உப்பு அப்படியே கழிவோடு வெளியேறிவிடும்.

திருப்பூரில் அது நொய்யல் ஆற்றுக்குப் போனது. 1992-இல் அந்த ஆற்றில் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்குட்டையாகி, வயல்களும் கிணறுகளும் கெட்டன. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றுபோயின. சொட்டுக் கழிவும் வெளியே விடாத ஏற்பாடு இருந்தால்தான் மறுபடி ஓட்டலாம் என்றானது.

அந்த ஏற்பாடு செலவு பிடித்தது. கழிவை எதிர் சவ்வூடு பரவல் முறையில் வடிகட்டி நல்ல தண்ணீரைப் பிரிக்க வேண்டும். மிஞ்சும் உப்புக் கரைசலை நீராவியால் காய்ச்ச வேண்டும். சிறு பட்டறைகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை நடத்துகின்றன. குழாய்களில் மீட்டர் உட்கார்ந்தது. அனுப்பும் ஒவ்வொரு லிட்டருக்கும் காசு.

கணினி பட்டறைக்குள் பயனுள்ளதாக மாறியது இந்த இடத்தில்தான். கேட்ட ஷேடு வராவிட்டால் துணியை மறுபடி சாயமேற்ற வேண்டும். தண்ணீர், உப்பு, நீராவி எல்லாம் இன்னொரு முறை. ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் 400 முதல் 700 நானோமீட்டர் வரை துணி எவ்வளவு ஒளியைத் திருப்புகிறது என்று அளக்க, எந்தச் சாயம் எத்தனை கிராம் என்று கணினி கணக்குச் சொல்கிறது. முதல் தடவையிலேயே ஷேடு பிடித்துவிட்டால் அதைவிடப் பெரிய தண்ணீர்ச் சேமிப்பு கிடையாது. காய்ச்சுவதற்குப் பதிலாக உப்புக் கரைசலையே சுத்தம் செய்து சாயத்தொட்டிக்குத் திருப்பும் முறையும் அருள்புரம் போன்ற நிலையங்களில் வந்தது. அதற்கும் அளவுக் கருவி வேண்டும். கரைசலின் அடர்த்தியோ கடினத்தன்மையோ மாறினால் ஷேடு மாறிவிடும்.

கழிவுக்கு விலை வைக்காத காலத்தில் இதே கருவிகள் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? இன்னும் வேகமாகச் சாயமேற்றி இன்னும் அதிகக் கழிவை ஆற்றில் விட்டிருப்போம் என்பதே என் ஊகம்.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. பல சாயங்கள் கலந்து வரும் கழிவிலிருந்து கிடைக்கும் கலப்பு உப்பை வாங்க ஆளில்லை. மூட்டை மூட்டையாகத் தேங்குகிறது. காய்ச்சும் பாய்லருக்கு விறகும் எரிகிறது.

இதற்கிடையில் ஐரோப்பிய ஒன்றியம், 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் வழியே, பொருட்கள் எப்படித் தயாராயின என்ற விவரங்களைச் சொல்லும் டிஜிட்டல் பாஸ்போர்ட் கேட்கப்போகிறது. முதலில் வரவிருக்கும் பொருட்களில் துணியும் உண்டு. அந்த விவரங்களில் பெரும்பகுதி ஜாப் ஒர்க் செய்யும் சாயப்பட்டறையில்தான் பிறக்கும். பட்டறைக்காரருக்கோ கூலி கிலோ கணக்கில். அளந்து எழுதிக் கொடுக்கும் வேலைக்கு அந்தக் கூலியில் இடம் ஒதுக்கப்படவில்லை. பின்னலாடை வாங்கும் நிறுவனங்கள் முதலில் பேச வேண்டியது அந்தக் கூலியைப் பற்றித்தான்.