திசை மயக்கம்

ஊருக்குப் புதியவர் ஒருவர் வழி தவறினால் எவரும் வியப்பதில்லை. பத்தாண்டுகள் ஒரே நகரில் வாழ்ந்தவர், நாள்தோறும் நடக்கும் தெருவிலேயே இடப்புறம் திரும்புவதா, வலப்புறம் திரும்புவதா என்று தயங்கி நின்றாலோ நகைக்கின்றோம். கவனம் போதாது என்கின்றோம். பள்ளிச் சிறுவனாயின் மந்த புத்தி என்றும் தீர்ப்புக் கூறிவிடுகின்றோம். இத்தீர்ப்பு நேர்மையானதன்று. கணக்கில் வல்லவராயும், பிறர் முகத்தையும் பெயரையும் மறவாதவராயும் உள்ள சிலருக்குத் திசை மட்டும் பிடிபடுவதில்லை. இதன் காரணம் யாது, செய்யத் தக்கது யாது என்பதை இங்கே ஆராய்வோம்.

வழியை அறிதல் இரு வகைப்படும். ஒன்று, வரிசையாக அறிதல். 'கோயிலைத் தாண்டி இடப்புறம். பிறகு மூன்றாம் சந்தில் வலப்புறம்' என மனப்பாடம் செய்வது இம்முறை. இது நூலிற் கோத்த மணிகளைப் போன்றது. ஓரிடத்தில் நூல் அறுந்தால் மணிகள் யாவும் சிதறும். மற்றொன்று, படமாக அறிதல். கோயிலுக்குச் சந்தை எத்திசையில் உள்ளது, சந்தைக்கு நிலையம் எவ்வளவு தொலைவு என்பதை மேலிருந்து காண்பார்போல் மனத்தில் விரித்துக்கொள்வது இம்முறை. இத்தகையவர் ஒரு தெரு அடைபட்டிருந்தால் மற்றொரு தெருவால் சென்று சேர்வர். திசை மயங்குவோர் பெரும்பாலும் முதல் முறையை மட்டுமே நம்பி நடப்பவர்.

மனத்திற்குள் ஒரு படம் உண்டு என்பது வெறும் உவமையன்று. 1948-ஆம் ஆண்டில் அமெரிக்க உளநூலறிஞர் எட்வர்ட் டோல்மன், சிக்கலான பாதைகளில் எலிகளை ஓடவிட்டுச் செய்த சோதனைகளைக் கொண்டு இக்கருத்தை எடுத்துரைத்தார். 1971-இல் ஜான் ஓகீஃப் என்பார், மூளையின் உட்பகுதியில் ஹிப்போகாம்பஸ் எனப்படும் இடத்தில், எலி ஒரு குறிப்பிட்ட இடத்தை அடையும்போது மட்டும் கிளர்ச்சியுறும் உயிரணுக்களைக் கண்டார். நார்வே நாட்டு மோசர் தம்பதியர், அதனை அடுத்துள்ள பகுதியில், தரையைக் கட்டங்களாகப் பகுத்து அளப்பன போன்ற அணுக்கள் இருத்தலை 2005-இல் வெளியிட்டனர். மூவரும் 2014-ஆம் ஆண்டின் நோபல் பரிசினைப் பகிர்ந்துகொண்டனர்.

இவ்வாற்றல் எல்லார்க்கும் ஒரே அளவில் அமைவதில்லை. 2009-இல் கனடாவில் ஆராய்ச்சியாளர் ஒரு பெண்மணியைப் பற்றி எழுதினர். அறிவிலும் நினைவிலும் குறையில்லாத அவர், மூளையில் காயமோ நோயோ இன்றியும், இளமை தொட்டே பழகிய இடங்களில் வழி தெரியாது தவித்து வந்தார். அதன் பின்னர் இத்தகையோர் பலர் பிற நாடுகளிலும் அறியப்பட்டனர். நிறங்களைப் பகுத்தறிய இயலாத கண்ணுடையவரை நாம் சோம்பேறி என்பதில்லை. இவர்களையும் அவ்வாறே கருதுதல் வேண்டும்.

குறை எப்போதும் ஆளிடத்தே உள்ளது என்பதற்கும் இல்லை. சில வேளை இடத்தினிடத்தே உள்ளது. தலைநகரில் வாழும் நாம் இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. ராபர்ட் டோர் ரஸ்ஸல் வடிவமைக்க, 1929 முதல் 1933 வரை கட்டப்பெற்ற கன்னாட் பிளேஸ் நம் கண்முன் நிற்கின்றது. எங்கு நோக்கினும் வெண்ணிறத் தூண்கள். தூணுக்குத் தூண் வேறுபாடு இல்லை. சாலையோ வட்டம். இங்கு வடக்கு நோக்கி நடக்கத் தொடங்கியவர் வட்டத்திற் பாதியைச் சுற்றி முடிக்கையில் தெற்கு நோக்கி நடந்துகொண்டிருப்பார். ஆயினும், எங்கேனும் திரும்பியதாக அவருக்கு நினைவிராது. மூலையில் திரும்பினால் மனம் அதனைக் குறித்துக்கொள்ளும். சிறுகச் சிறுக வளைந்தால் குறித்துக்கொள்வதில்லை. மெட்ரோ நிலையத்திலிருந்து படிகளேறி மேலே வருவோருக்கு, நிலத்தடியில் எப்பக்கம் திரும்பினோம் என்பதும் தெரியாது போகின்றது.

இத்தகைய இடத்தில் அருகிலுள்ள கடைகளைக் குறியாகக் கொள்வதில் பயனில்லை. கடைகள் மாறும்; அன்றியும் ஒன்றுபோல் மற்றொன்று தோன்றும். தொலைவில் உயர்ந்து நிற்பதையே குறியாகக் கொள்ளல் வேண்டும். தென்புறத்தில் ஓங்கி நிற்கும் ஜீவன் பாரதிக் கட்டடம் அத்தகையது. அது புலப்பட்டால் தெற்கு விளங்கும். தெற்கு விளங்கினால் எஞ்சிய மூன்று திசைகளும் விளங்கும்.

வானமும் வழி காட்டும். ஆனால் தமிழகத்திலிருந்து வடக்கே வந்தவர் இங்கு ஒரு வேறுபாட்டை உணர்தல் நலம். சென்னையில் ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சி வேளையில் கதிரவன் சற்றே வடபால் நிற்பான். ஏனைய மாதங்களில் தென்பால் நிற்பான். டில்லி கடக ரேகைக்கு வடக்கே உள்ளமையால், இங்கு ஆண்டு முழுவதும் உச்சி வேளைக் கதிரவன் தென்பாலே நிற்பான். ஆகவே நண்பகலில் நம் நிழல் விழும் பக்கம் எந்நாளும் வடக்கேயாம். காசு செலவில்லாத திசைகாட்டி இது.

பயிற்சியால் இவ்வாற்றல் வளருமா? வளரும் என்பதற்கு லண்டன் நகரின் டாக்ஸி ஓட்டுநர் சான்று. உரிமம் பெற விழைவோர் சேரிங் கிராஸ் என்னுமிடத்தைச் சுற்றி ஆறு மைல் எல்லைக்குள் ஏறத்தாழ 25,000 தெருக்களை மனத்திலிருத்தல் வேண்டும். இதற்குச் சில ஆண்டுகள் ஆகும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் அவர்தம் மூளையைப் படமெடுத்துப் பார்த்ததில், தேர்ச்சி பெற்றவர்க்கு ஹிப்போகாம்பஸின் பின்பகுதி பெருத்திருந்தது. தேறாதவர்க்கு அம்மாறுதல் இல்லை. 2011-இல் இம்முடிவு வெளியாயிற்று.

நமக்கு அத்துணை உழைப்பு வேண்டா; எளிய பழக்கங்கள் சில போதும். புதிய வழியிற் செல்லுங்கால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு முறை பின்னோக்கிப் பார்க்க. போகும்போது காணும் தெரு வேறு, திரும்பும்போது காணும் தெரு வேறு. வீடு சேர்ந்ததும் வடக்கை மேலே வைத்து, சென்ற வழியைத் தாளில் வரைக. கைப்பேசியின் குரலைப் பின்பற்றிச் செல்வோர் புறப்படுமுன் முழு வழியையும் படத்தில் ஒரு முறை நோக்குக. இடையில் ஐயம் எழுமாயின் வெட்கமின்றிக் கேட்க. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது நம் முன்னோர் மொழி. வழி சொல்பவர்க்கும் ஒரு கடமை உண்டு. திரும்ப வேண்டிய இடத்தைச் சொல்வதோடு, அதனைத் தவறவிட்டால் எது தென்படும் என்பதையும் சேர்த்துச் சொல்லுக. அவ்வொரு சொல் கேட்பவரை அரை மைல் வீண் நடையினின்று காக்கும்.

இறுதியாக, நேயர்கள் மறவாதிருக்க வேண்டுவது ஒன்று. இளமை தொட்டு இருந்துவரும் மயக்கம் வேறு. முதுமையில் புதிதாகத் தோன்றும் மயக்கம் வேறு. நாற்பதாண்டுகள் நடந்த கடைத்தெருவில் ஒரு நாள் பெரியவர் வழியறியாது நின்றால், வயதாயிற்று என்று வாளாவிருத்தல் தகாது. அல்சைமர் நோயில் மூளையின் கட்ட அணுக்கள் உள்ள பகுதி முதன்முதற் பழுதுறுவனவற்றுள் ஒன்று. ஆதலின் பெயர்கள் மறக்கத் தொடங்குமுன்னரே வழி மறத்தலும் உண்டு. அவரைக் கடிந்துகொள்ளாது, வெளியே செல்லவிடாது அடைத்தும் வையாது, மருத்துவரிடம் அழைத்துச் செல்க. சட்டைப் பையில் வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டொன்று எப்போதும் இருக்கட்டும். மாலையில் அவர் உலாவப் புறப்படுங்கால் வீட்டுப் பிள்ளைகளுள் ஒருவர் உடன் செல்லட்டும்.