பூஜ்யம் காட்டினால் நம்பலாமா?
மலிவு மல்டிமீட்டரில் துல்லியத்தை விடப் பாதுகாப்புதான் பிரச்சினை

ஹைதராபாத்தின் பாலாநகரில் லேத் பட்டறைகளும் அச்சு வார்ப்புக் கூடங்களும் நெருக்கியடித்து நிற்கின்றன. இயந்திரம் நின்றுவிட்டால் முதலில் வெளியே வருவது மல்டிமீட்டர்தான். அது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் 830 வகையாக இருக்கலாம். 1983-ல் அறிமுகமான ஃப்ளூக் 77 போன்ற பழைய உழைப்பாளியாகவும் இருக்கலாம். எதை நம்புவது?

வயதானதாலேயே நல்ல மீட்டர் பொய் சொல்லத் தொடங்குவதில்லை. உள்ளிருக்கும் தரமான ரெசிஸ்டர்கள் மிக மெதுவாகத்தான் மாறுகின்றன. முதலில் கெடுவது மற்றவை: திருகு சுவிட்சில் அழுக்கு, கசிந்த பாட்டரி, மங்கும் திரை, உறைக்குள்ளேயே அறுந்துபோன ஒயர்.

மலிவு மீட்டரும் நேர் மின்சாரத்தில் மோசமில்லை. பிழை அரை சதவீத அளவுதான். மாறுமின்சாரத்தில் கதை வேறு. 750 வோல்ட் அளவுகோலில் 1.2 சதவீதமும் கூடவே 10 எண்களும் தவறலாம் என்கிறது 830 வகையின் விவரக்குறிப்பு. அதாவது 230 வோல்ட்டை 217 என்றோ 243 என்றோ காட்டினாலும் மீட்டர் 'சரி'தான். பாட்டரி மிகவும் இறங்கிவிட்டால் ஒப்பீட்டு மின்னழுத்தமும் சரியும்; திரையில் எண் ஏறும்.

ஆனால் ஆளைக் கொல்வது இந்தப் பிழைகள் அல்ல. பல மலிவு மீட்டர்களில் 10 ஆம்பியர் துளைக்கு ஃபியூஸ் கிடையாது. ஒயரை அதிலேயே மறந்துவிட்டு 415 வோல்ட் பேனலைத் தொட்டால் ஷார்ட் சர்க்யூட்தான். மீட்டர் கையிலேயே வெடிக்கலாம். அறுந்த ஒயரோ, உயிருள்ள லைனிலும் பூஜ்யம் காட்டும்.

பாலாநகரிலேயே 1968 முதல் மத்தியக் கருவி வடிவமைப்பு நிறுவனம் இயங்குகிறது. ஐ.நா. வளர்ச்சித் திட்டம், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஆகியவற்றின் உதவியுடன் உருவானது அது. அளவு பிசகினால் அச்சு வீண் என்பது இந்த வட்டாரத்துக்குப் புதிய பாடமல்ல. ஆனால் மீட்டரை ஆய்வுக்கூடத்தில் சரிபார்க்கும் கட்டணம் மலிவு மீட்டரின் விலையையே தாண்டிவிடலாம். நம்பகமான இன்னொரு மீட்டருடன் அவ்வப்போது ஒப்பிடுவதே சிறு பட்டறைக்குக் கட்டுப்படியாகும் வழி.

உயிரைக் காக்கும் சோதனைக்கோ செலவே இல்லை. மின்சாரம் இருப்பது உறுதியான இடத்தில் முதலில் மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு வேலை செய்யப்போகும் லைனில். கடைசியாக மீண்டும் அதே முதல் இடத்தில். மூன்றாவது முறையும் மீட்டர் சரியாகக் காட்டினால்தான் நடுவில் தெரிந்த பூஜ்யத்தை நம்பலாம்.