மாஷா அல்லாஹ் – சொல்ல வேண்டியவர் யார்?

குழந்தையைப் பார்க்க வந்தவர் "மாஷா அல்லாஹ்" என்று சொல்லாமல், "என்ன அழகு!" என்று மட்டும் கூறிச் சென்றுவிட்டால் நம் வீடுகளில் என்ன நிகழும் என்பது நீங்கள் அறியாததன்று. அன்று மாலை குழந்தைக்குச் சற்று மேல் காய்ந்தால் போதும். வந்தவரின் கண்தான் பட்டுவிட்டது என்ற பேச்சு எழுந்துவிடும். இந்த ஒரு சொல் விட்டுப்போனதால் மனம் கசந்த உறவுகளும் உண்டு.

மா, ஷாஅ, அல்லாஹ் என்னும் மூன்று அரபுச் சொற்களின் சேர்க்கை இது. 'அல்லாஹ் நாடியது' என்பது நேர்ப்பொருள். 'இன்ஷா அல்லாஹ்' இனி நடக்கவிருப்பதற்கு; இதுவோ கண்முன் நிறைவேறி நிற்பதற்கு. அழகு, அருமை என்று பொருள்படும் சொல் எதுவும் இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். நாம் தாராளமாக வழங்கும் 'சபாஷ்', பார்சி மொழியின் 'ஷாத் பாஷ்' (மகிழ்ந்திரு) என்பதிலிருந்து வந்தது. அது செய்தவரைப் பாராட்டுவது. மாஷா அல்லாஹ் கொடுத்தவனை நினைவூட்டுவது. (ஆள் பெயராகவும் இது வழங்கியதுண்டு. 762-இல் பக்தாத் நகருக்கு அடிக்கல் நாட்ட நாள் குறித்தவர்களுள் மாஷா அல்லாஹ் என்ற யூத சோதிடரும் ஒருவர்!)

வெள்ளிதோறும் நாம் ஓதும் ஸூரத்துல் கஹ்ஃபில், 32 முதல் 44 வரையிலான வசனங்களில் இரு தோட்டங்களுக்கு உடையவன் ஒருவனின் வரலாறு வருகிறது. திராட்சைக் கொடிகள், சுற்றிலும் பேரீச்ச மரங்கள், இடையே பயிர், நடுவே ஓடும் ஆறு. இது ஒருநாளும் அழியாது என்று அவன் பெருமை பேசினான். செல்வம் குறைந்த தோழரோ, உன் தோட்டத்தினுள் நுழைந்தபோது மாஷா அல்லாஹ் என்று நீ சொல்லியிருக்கலாகாதா என்று கேட்டார் (18:39). பின்னர் தோட்டம் அழிந்தது. செலவிட்டதை எண்ணி அவன் கைகளைப் பிசைந்து நின்றான்.

அங்கே இச்சொல்லைச் சொல்ல வேண்டியவன் விருந்தாளி அல்லன், உடையவன்! நாமோ அதை அழகாக எழுதி வாசல் நிலைக்கு மேல் மாட்டிவிட்டு, வருபவர் சொல்கிறாரா என்று அவர் வாயையே பார்த்திருக்கிறோம்.

கண்ணேறு இல்லை என்று கூற வரவில்லை. அது உண்மை என்று நாயகம் (ஸல்) அவர்களே கூறியுள்ளார்கள். ஸஹ்ல் இப்னு ஹுனைஃப் (ரலி) குளித்துக்கொண்டிருந்தபோது, ஆமிர் இப்னு ரபீஆ (ரலி) அவருடைய மேனியின் நிறத்தை வியந்து பேசினார்கள்; ஸஹ்ல் அங்கேயே சாய்ந்துவிட்டார்கள். செய்தியறிந்த நாயகம் (ஸல்) அவர்கள் ஆமிரைக் கண்டித்து, அவருக்காக பரக்கத் வேண்டி நீர் துஆச் செய்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். ஆம், பிறரிடம் உள்ளதைக் கண்டு வியப்பவருக்கு அங்கே கற்பிக்கப்பட்டது பரக்கத்துக்கான துஆ. 'பாரகல்லாஹ்' என்று நாம் சொல்வதும் அதுவே. பின்னர் ஆமிர் கழுவிய நீர் ஸஹ்லின் மீது ஊற்றப்பட்டது. எந்தக் குறையுமின்றி அவர் எழுந்து மற்றவர்களுடன் நடந்து சென்றார்கள்.