ஒரு மணி நேர வெளிச்சம், இரண்டு நிமிட ஆட்டம்: கடிகாரத்தைத் திருப்பினால் குழந்தைகள் விளையாடுவார்களா?

அமெரிக்க கிளையன்ட்டோடு வேலை பார்ப்பவர்களுக்கு மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு பற்றிச் சொல்லவே வேண்டாம். வெள்ளிக்கிழமை வரை இரவு 8.30 மணிக்கு இருந்த மீட்டிங், திங்கட்கிழமை 7.30 மணிக்கே வந்து நிற்கும். நம்ம ஊர் கடிகாரத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அங்கேதான் ஏறக்குறைய மொத்த நாடும் முள்ளை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டது. லண்டனிலும் கிளையன்ட் இருந்தால் இன்னும் விசேஷம். அவர்கள் மார்ச் கடைசி ஞாயிறில்தான் தள்ளுவார்கள். இடைப்பட்ட இரண்டு, மூன்று வாரம் காலண்டருக்கே தலைசுற்றும்.

‘டேலைட் சேவிங் டைம்’ என்ற இந்த ஏற்பாட்டை மின்சாரம் மிச்சப்படுத்தும் திட்டம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால், இதன் பூர்வீகம் வேறு. வேலை முடிந்த பிறகு வெளியே சுற்ற வெளிச்சம் வேண்டும் என்று இரண்டு பெரியவர்கள் அடம்பிடித்த கதை இது.

பூச்சியும் கோல்ஃபும்

முதலாமவர் ஜார்ஜ் ஹட்சன். நியூசிலாந்தின் வெலிங்டனில் தபால் துறையில் வேலை, பொழுதுபோக்கு பூச்சி சேகரிப்பு. டியூட்டி முடிந்து வலையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் இருட்டிவிடுமே என்ற கவலை. கோடையில் கடிகாரத்தை இரண்டு மணி நேரம் முன்னால் நகர்த்தலாம் என்று 1895இல் அங்கிருந்த அறிவியல் சங்கத்தில் சொன்னார். பூச்சி பிடிக்க ஊரே கடிகாரத்தை மாற்ற வேண்டுமா என்று கேட்டவர்கள் சிரித்தார்கள்.

இரண்டாமவர் வில்லியம் வில்லெட். இங்கிலாந்தில் வீடு கட்டி விற்றவர், கோல்ஃப் பிரியர். ஏப்ரல் மாத ஞாயிறுகளில் 20 நிமிடம் வீதம் நான்கு தவணையாக, மொத்தம் 80 நிமிடம் முன்னால் தள்ளலாம் என்று 1907இல் சொந்தச் செலவில் பிரசுரம் போட்டார். அதாவது, இஎம்ஐ முறையில் வெளிச்சம்! 1915இல் அவர் காலமானார். அடுத்த ஆண்டே முதல் உலகப் போரில் நிலக்கரியை மிச்சப்படுத்த ஜெர்மனி இதைக் கையில் எடுத்தது, சில வாரங்களில் பிரிட்டனும் பின்தொடர்ந்தது. கோல்ட்பிளே பாடகர் கிறிஸ் மார்ட்டின், வில்லெட்டின் வம்சாவளிதான். அவர்களின் பிரபலமான பாட்டு ஒன்றின் பெயர் ‘கிளாக்ஸ்’. ரத்தத்திலேயே இருக்கிறது போல!

தெருவிளக்கு போட்ட சட்டம்

சரி, பெரியவர்களின் ஆசை நிறைவேறியது. குழந்தைகளுக்கு என்ன கிடைத்தது?

அமெரிக்கப் புறநகர்களில் 1960, 70களில் வளர்ந்தவர்கள் பலரும் நினைவுகூரும் வீட்டு விதி ஒன்று உண்டு: தெருவிளக்கு எரிந்தால் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். ஒளி உணரி பொருத்திய தெருவிளக்குக்கு மணி பார்க்கத் தெரியாது, இருட்டினால்தான் எரியும். அதனால் அரசு முள்ளைத் தள்ளியதும், சாப்பாட்டுக்குப் பிறகும் ஒரு மணி நேரம் ஆடலாம் என்றானது.

அந்த நேரத்துக்கென்றே ஆட்டங்கள் இருந்தன. ‘கிக் த கேன்’ நம்ம கண்ணாமூச்சிக்கு ஒன்றுவிட்ட தம்பி. நடுவில் ஒரு காலி டப்பா. பிடிபட்டவர்கள் ‘ஜெயிலில்’ நிற்பார்கள். ஒளிந்திருக்கும் ஒருவர் ஓடிவந்து டப்பாவை உதைத்தால் அத்தனை பேருக்கும் விடுதலை. ‘கோஸ்ட் இன் த கிரேவ்யார்ட்’ ஆட்டத்தில் ஒருவர் பேயாக ஒளிய, மற்றவர்கள் ஒரு மணி, இரண்டு மணி என எண்ணி, நள்ளிரவு என்று கத்திவிட்டுத் தேடிக் கிளம்புவார்கள். இதற்கு மட்டும் இருட்டு வேண்டும். சட்டத்தால் பேய்க்கும் ஒரு மணி நேரம் லேட்!

காலையில் வந்த பில்

இவ்வளவு நல்ல விஷயத்தை வருடம் முழுக்க வைத்துக்கொள்ளலாமே? எண்ணெய் நெருக்கடியின்போது நிக்சன் அரசு அதைத்தான் செய்தது. 1974 ஜனவரி 6 முதல் குளிர்காலத்திலும் முள் முன்னாலேயே நின்றது. மாலையில் வெளிச்சம் கிடைத்தது, ஆனால் பல ஊர்களில் காலை 8 மணி தாண்டியும் சூரியனைக் காணோம். பிள்ளைகள் டார்ச் பிடித்துப் பள்ளிக்கு நடந்தார்கள். அந்த இருட்டில் நடந்த விபத்துகளில் குழந்தைகள் இறந்ததும் பெற்றோரின் கோபம் வெடித்தது. அதே ஆண்டு அக்டோபரில் குளிர்காலத்துக்குப் பழைய நேரத்தையே திரும்பக் கொண்டுவந்தார்கள். மாலையில் கூடிய வெளிச்சம் காலையிலிருந்து வாங்கிய கடன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த இரண்டு நிமிடம்

உண்மையில் குழந்தைகள் எவ்வளவு கூடுதலாக ஓடியாடுகிறார்கள்? 2014இல் வெளியான ஓர் ஆய்வு, 9 நாடுகளைச் சேர்ந்த சுமார் 23,000 குழந்தைகளின் இடுப்பில் அசைவை அளக்கும் கருவி கட்டிப் பெற்ற தரவுகளைப் பார்த்தது. மாலை வெளிச்சம் நீண்டால் ஓட்டமும் கூடுகிறது, உண்மைதான். ஆனால் கடிகாரத்தை இன்னும் ஒரு மணி நேரம் தள்ளினால் ஐரோப்பா, ஆஸ்திரேலியக் குழந்தைகளுக்குக் கிடைக்கக்கூடியது தினமும் சுமார் 2 நிமிடம்!

இதைச் சும்மா தள்ளிவிட முடியாது. விளையாட்டு வகுப்புக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கும் சூரியன் இலவசம். அதனால் நாட்டின் எல்லாக் குழந்தைகளையும் ஒரே நேரத்தில் எட்டும் வழி என்கிறார்கள் ஆய்வாளர்கள். நியாயமான வாதம்தான். ஆனாலும் மிச்சம் 58 நிமிடம் எங்கே போனது என்ற கேள்வி நிற்கிறது. கார்கள் நிறைந்த தெரு, தனியாக வெளியே விட அஞ்சும் பெற்றோர், அடுத்தடுத்த வகுப்புகள், கையில் போன். இவை எதையும் கடிகார முள்ளால் நகர்த்த முடியாது.

நமக்கு எதற்கு இந்தக் கதை?

லண்டனில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். சென்னையில் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். தள்ளி விளையாட இங்கே உபரி வெளிச்சம் கிடையாது. வருடம் முழுக்கச் சூரியன் மாலை ஐந்தரைக்கும் ஆறே முக்காலுக்கும் இடையே மறைந்துவிடும்.

அமெரிக்காவில் விவாதம் ஓய்ந்தபாடில்லை. கோடை நேரத்தையே நிரந்தரமாக்கும் மசோதாவை 2022இல் செனட் ஒருமனதாக நிறைவேற்றியது, பிரதிநிதிகள் சபையோ அதை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை. அவர்கள் எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் ஒன்று மாறாது. ‘கிக் த கேன்’ ஆட ஒரு காலி டப்பாவும், கார் வராத தெருவும், வெளியே வர நாலு பிள்ளைகளும் வேண்டும். டப்பா எந்த ஊரிலும் கிடைத்துவிடும்.