இராமேசுவரம் கடற்கரையில் பட்டச்சறுக்கு

இராமேசுவரம் கடற்கரையில் பட்டச்சறுக்கு என்பது தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்தில், பாம்பன் தீவையும் அதை ஒட்டிய மண்டபம், உச்சிப்புளி கடலோரங்களையும் களமாகக் கொண்டு நடைபெறும் காற்றுசார் நீர் விளையாட்டு ஆகும். பெரிய பட்டம் ஒன்றைக் காற்றில் ஏற்றி, அதன் இழுவிசையால் பலகை ஒன்றின் மீது நின்றபடி நீர்ப்பரப்பில் சறுக்கிச் செல்வதே பட்டச்சறுக்கு. இது பொதுவாகக் கைட் சர்ஃபிங் என்ற பெயரால் அறியப்படுகிறது.

இந்தியாவில் இவ்விளையாட்டுக்கு ஏற்றவையெனக் கூறப்படும் இடங்களுள் இராமேசுவரமும் ஒன்று. எனினும் இங்கு வந்து சென்ற வீரர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆழமற்ற நீர், தடையற்ற காற்று, ஆளரவமற்ற மணல்வெளி ஆகியவற்றைச் சிலர் பெரிதும் போற்றுகின்றனர். அதே ஆழமின்மையையும், காற்றின் திசையையும், தனிமையையும் வேறு சிலர் குறைகளாகக் கருதுகின்றனர். இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ள இக்கடற்கரையின் அமைப்பையும், அங்கு வீசும் காற்றையும், அக்கடலை நம்பி வாழ்வோரையும் அறிதல் தேவை.

விளையாட்டின் அடிப்படை

பட்டச்சறுக்கில் பயன்படும் பட்டம் பெரும்பாலும் 7 முதல் 14 சதுர மீட்டர் வரை பரப்புடையது. அதன் விளிம்பில் காற்று நிரப்பிய குழாய் இருப்பதால், நீரில் விழுந்தாலும் மூழ்காமல் மீண்டும் எழும்பும். இத்தகைய காற்றடைத்த பட்டத்துக்குப் பிரான்சு நாட்டைச் சேர்ந்த புரூனோ, தொமினிக் லெகெய்ஞு சகோதரர்கள் 1984-இல் காப்புரிமை பெற்றனர். 1990-களின் பிற்பகுதியில் இவ்விளையாட்டு உலகெங்கும் பரவியது. 2024-ஆம் ஆண்டு பாரிசு ஒலிம்பிக்கில் இது முதன்முறையாகப் பதக்கப் போட்டியாக இடம்பெற்றது. பாய்மரப் போட்டிகளின் ஒரு பிரிவாக மார்செய் நகரில் இது நடத்தப்பட்டது.

பட்டம் ஏறத்தாழ 20 முதல் 25 மீட்டர் நீளமுள்ள நான்கு அல்லது ஐந்து கயிறுகளால் ஒரு பிடிதண்டுடன் இணைக்கப்பட்டிருக்கும். வீரர் இடுப்பில் அணியும் கச்சை இழுவிசையைத் தாங்கும். ஆபத்து நேரும்போது பட்டத்தின் இழுவையை நொடியில் நீக்குவதற்கான விடுவிப்பு அமைப்பும் உண்டு. மணிக்கு 12 முதல் 25 கடல் மைல் வரையான சீரான காற்று பெரும்பாலானோர்க்குப் போதுமானது. ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர்.

காற்று வீசிச்செல்லும் திசையில் நூறு மீட்டருக்கு மேலாவது தடையற்ற வெளி இருப்பது நல்லது. வீரர் கட்டுப்பாட்டை இழந்தால் பட்டம் அவரை அத்திசையிலேயே இழுத்துச் செல்லும். மரங்கள், மின்கம்பிகள், பாறைகள், வலைக்கழிகள் போன்றவை அப்போது உயிராபத்தாக முடியும். ஓர் இடம் நல்ல களமா இல்லையா என்பதை முடிவு செய்வதில் காற்றின் வேகத்தைவிட அதன் திசையே முதன்மையானது.

இரு கடல்களும் இரு காற்றுகளும்

பாம்பன் தீவு மேற்கே பாம்பன் முதல் தென்கிழக்கே அரிச்சல்முனை வரை ஏறத்தாழ 30 கி.மீ. நீளமுடையது. தீவின் வடக்கே பாக்கு விரிகுடாவும் தெற்கே மன்னார் வளைகுடாவும் உள்ளன. தனுஷ்கோடிப் பகுதியில் நிலம் ஒடுங்கிய மணல்திட்டாக நீள்கிறது. அதன் இரு பக்கங்களிலும் உள்ள கடல்களை ‘பெண் கடல்’, ‘ஆண் கடல்’ என்று மக்கள் அழைப்பர். பெண் கடல் என்பது அமைதியான வடபுறக் கடலையும், ஆண் கடல் என்பது சீற்றம் மிக்க தென்புறக் கடலையும் குறிக்கும்.

இப்பெயர்கள் ஆண்டு முழுவதற்கும் பொருந்துவன அல்ல. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று வீசுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இலங்கையின் மத்திய மலைநாட்டுக்கும் இடையிலுள்ள திறந்தவெளி வழியே இக்காற்று குவிந்து வருவதால் இங்கு வலுவாக உள்ளது. அப்போது மன்னார் வளைகுடா கொந்தளிக்க, பாக்கு விரிகுடாவின் கரையோரம் அமைதியாக இருக்கும். வடகிழக்குப் பருவக்காற்றின்போது நிலைமை தலைகீழாகிறது. வாடைக்காற்றால் வடபுறக் கடல் பொங்க, தென்புறக் கரை அடங்குகிறது.

மழைக்காலம் பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அமைகிறது. புயல்களும் அம்மாதங்களில் வரக்கூடும் என்பதால் அக்காலம் விளையாட்டுக்கு ஏற்றதன்று. மழை ஓய்ந்தபின் சனவரி, பிப்ரவரி மாதங்களில் வாடை சீரடைகிறது. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் இராமநாதபுரம் மாவட்டம் மழைமறைவுப் பகுதியாக இருப்பதால் காற்றும் வெயிலும் சேர்ந்தே கிடைக்கின்றன.

பாராட்டுவோர் கருத்து

இராமேசுவரத்தை விரும்புவோர் முதலில் குறிப்பிடுவது அலையற்ற நீரையே. காற்று நிலத்தைக் கடந்து நீரை அடையும் பக்கத்தில் அலை எழுவதில்லை. எனவே நீர்ப்பரப்பு சமதளமாக இருக்கும். மணல்திட்டுகளுக்கு இடையே தேங்கும் உப்பங்கழிகளில் பல இடங்களில் இடுப்பளவு நீரே உள்ளது. புதிதாகக் கற்போர் விழுந்தாலும் எழுந்து நின்று பட்டத்தை மீண்டும் ஏற்ற முடிகிறது. ஆழ்கடலில் ஒவ்வொரு முறையும் மிதந்தபடியே தொடங்க வேண்டியிருக்கும் நிலையோடு ஒப்பிட, இது பயிற்சிக் காலத்தை வெகுவாகக் குறைக்கும் என்பர்.

இரண்டாவது காரணம், ஆண்டில் இரு காற்றுப் பருவங்கள் கிடைப்பது. தீவின் ஒரு பக்கம் ஒத்துவராதபோது சிறிது தொலைவு பயணம் செய்து மறுபக்கத்தை அடையலாம். ஓத ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவாக இருப்பதால் களம் நாளுக்குள் பெரிதும் மாறுவதில்லை.

மூன்றாவதாகக் கூட்டமின்மை சுட்டப்படுகிறது. மன்னார் வளைகுடாவின் தென்பகுதியில், இலங்கையின் புத்தளம் மாவட்டத்தில் உள்ள கற்பிட்டி இவ்விளையாட்டுக்குப் பெயர்பெற்ற இடமாகும். இராமேசுவரத்தில் வீசும் அதே பருவக்காற்றுகளே அங்கும் வீசுகின்றன. பயிற்சிப் பள்ளிகளும் தங்குமிடங்களும் மிகுந்த கற்பிட்டியின் உப்பங்கழியில் பருவ நாட்களில் நெரிசல் ஏற்படுகிறது. அத்தகைய நெரிசலை விரும்பாதவர்கள் இராமேசுவரத்தின் வெறுமையை மேலானதாகக் கருதுகின்றனர்.

குறை கூறுவோர் கருத்து

தேர்ந்த வீரர்கள் பலருக்கு அலையின்மையே ஏமாற்றம் தருகிறது. வங்காள விரிகுடாவிலிருந்து வரும் பேரலைகளை இலங்கைத் தீவு மறிப்பதால் பாக்கு விரிகுடாவில் அலைச்சறுக்குக்குரிய நீண்ட அலைகள் எழுவதில்லை. அலைகளை நாடுவோர் சென்னைக்குத் தெற்கேயுள்ள கோவளம், மாமல்லபுரம் போன்ற இடங்களையே விரும்புவர்.

இதனினும் முக்கியமானது கரையிலிருந்து கடல் நோக்கி வீசும் காற்றாகும். நீரைச் சமதளமாக்கும் அதே காற்று, பட்டம் விழுந்த வீரரைக் கரையிலிருந்து அகற்றி நடுக்கடலுக்குக் கொண்டுசெல்லும். மறுகரை உள்ள உப்பங்கழியில் இதனால் பெரும் தீங்கு இல்லை. திறந்த பாக்கு விரிகுடாவில் மீட்புப் படகு இன்றி இறங்குவது ஆபத்தானது. எதிர்ப்பக்கமோ கரை நோக்கிய வலுவான காற்றும் கொந்தளிப்பும் கொண்டது. ஆகவே, தொடக்கநிலையினர்க்கு ஏற்ற இடம் என்ற புகழ் உப்பங்கழிகளுக்கு மட்டுமே பொருந்தும்; முழுக் கடற்கரைக்கும் பொருந்தாது என்று இவர்கள் வாதிடுகின்றனர். இரு கடல்களும் சேரும் அரிச்சல்முனையில் நீரோட்டம் வலுவாக உள்ளதால் அங்குக் கடலில் இறங்குவது குளிப்போர்க்கே ஆபத்தானது.

ஆழமற்ற நீருக்கும் அதற்கே உரிய இடர்கள் உண்டு. மணலில் புதைந்து கிடக்கும் திருக்கையின் முள், சொறி எனப்படும் இழுதுமீன், சிப்பி ஓடுகள் ஆகியவை காலைத் தாக்கக்கூடும். உயரத் தாவும் வீரர் முழங்காலளவு நீரில் விழுந்தால் எலும்பு முறியலாம். அருகிலுள்ள விமான நிலையமான மதுரை ஏறத்தாழ 170 கி.மீ. தொலைவில் உள்ளது. மதுரையின் பெரிய மருத்துவமனைகளும் அதே தொலைவில் இருப்பதால், விபத்து நேர்ந்தால் நீண்ட சாலைப் பயணம் தவிர்க்க முடியாதது. உதிரிப் பொருட்கள் கிடைக்காமை, கோடையின் கடும் வெப்பம், கரையில் ஒதுங்கும் குப்பைகள் ஆகியனவும் குறைகளாகக் கூறப்படுகின்றன.

தொழிற்களமான கடல்

விளையாட வருவோர் ‘வெறும் கடற்கரை’ என்று கருதும் இடம் பிறருக்கு வாழ்வாதாரமாகும். தனுஷ்கோடியில் மீனவர்கள் கரைவலை இழுக்கின்றனர். இதில் வலையின் இரு நீண்ட கயிறுகள் கடலிலிருந்து கரைவரை நீண்டிருக்கும். ஆட்கள் இரு அணிகளாக நின்று மணிக்கணக்கில் அவற்றை இழுப்பர். அவ்வேளையில் குறுக்கே செல்லும் பலகை வலையைக் கெடுப்பதோடு, அன்றைய பிடிப்பையும் கெடுக்கக்கூடும். மண்டபம், பாம்பன் பகுதிகளின் வடகரையில் கடற்பாசி வளர்க்கும் மூங்கில் மிதவைகள் கட்டப்பட்டுள்ளன. மகளிர் பலர் இத்தொழிலில் ஈடுபட்டுள்ளனர். அலையற்ற ஆழமற்ற நீரே மிதவைகளுக்கும் தேவைப்படுவதால், பட்டச்சறுக்கும் கடற்பாசி வளர்ப்பும் ஒரே வகை இடத்தை நாடுகின்றன.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உள்ளது. தென்மேற்குக் காற்றுப் பருவத்தின் தொடக்கம் இதனுடன் இணைந்து வருவதால் அப்போது கடல் ஓய்ந்திருப்பதாக வெளியூரார் எண்ணுவதுண்டு. ஆனால் நாட்டுப்படகுகளுக்கும் கரைவலைக்கும் இத்தடை பொருந்தாது. அவை வழக்கம்போல் இயங்குகின்றன.

இயற்கைப் பாதுகாப்பும் கட்டுப்பாடுகளும்

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த ஆழமற்ற கடலையும் உள்ளடக்கிய மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது. 1989-இல் இப்பகுதி உயிர்க்கோளக் காப்பகமாகவும் ஆனது. பவளப்பாறைகளும் கடற்புல் படுகைகளும் நிறைந்த இத்தீவுகளில் அனுமதியின்றி இறங்க முடியாது.

தனுஷ்கோடியின் உப்பங்கழிகளுக்குக் குளிர்காலத்தில் பூநாரைகள் வருகின்றன. ஆழமற்ற நீரில் நின்று சேற்றை அரித்து இரை தேடும் இப்பறவைகள், தலைக்கு மேல் அசையும் பெரிய உருவங்களைக் கண்டு கலைந்து எழக்கூடியவை. 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தமிழ்நாடு அரசு தனுஷ்கோடியில் ஏறத்தாழ 525 எக்டேர் பரப்பைப் பெரும் பூநாரை சரணாலயமாக அறிவித்தது. வீரர்கள் பெரிதும் விரும்பும் நீர்நிலைகளும் பறவைகள் விரும்பும் நீர்நிலைகளும் ஒரே தன்மையன என்பதால், வாடைக்காலத்தில் எங்கு பட்டம் ஏற்றலாம் என்பது இனி விருப்பத்தை மட்டும் பொறுத்ததன்று.

தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 29 கி.மீ. தொலைவிலேயே உள்ளது. இடையில் இந்திய இலங்கைக் கடல் எல்லை செல்வதால் கடற்படை, கடலோரக் காவல்படை ஆகியவற்றின் கண்காணிப்பு மிகுதி. காற்றால் அடித்துச் செல்லப்படும் வீரருக்கு இது உயிராபத்தோடு எல்லைச் சிக்கலையும் ஏற்படுத்தும்.

தனுஷ்கோடியின் அனுபவம்

காற்றின் வலிமையை இக்கடற்கரை மறந்ததில்லை. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி நகர் அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் தொடர்வண்டி கடலால் மூடப்பட்டு, அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பின்னர் அவ்வூர் வாழத் தகுதியற்றதென அறிவிக்கப்பட்டது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரையான 9.5 கி.மீ. சாலை 2017-இல் திறக்கப்படும் வரை, மணலில் செல்லத்தக்க வண்டிகளே அங்குச் செல்ல முடிந்தது. சாலை வந்தபின் வருவோர் எண்ணிக்கை பெருகியது.

வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றைத் திசைவாரியாகப் பிரித்து அறியும் மரபு தமிழ் மீனவர்களிடம் உண்டு. கரையை விட்டு எப்போது புறப்படலாம், எப்போது திரும்ப வேண்டும் என்பதை அவர்கள் இவ்வறிவைக் கொண்டே முடிவு செய்கின்றனர். பட்டச்சறுக்கு வீரர்க்கும் இதே அறிவே தேவைப்படுகிறது. உப்பங்கழியில், உரிய பருவத்தில், பயிற்றுநருடன் கற்றவர் இராமேசுவரத்தைப் பாராட்டுவதும், திறந்த கடலில் தனியே இறங்கியவர் அதனைக் குறை கூறுவதும் இதனாலேயே. எந்தக் காற்றில், எந்தக் கரையில் என்பதைக் குறிப்பிடாமல் இவ்விடத்தை நன்றென்றோ தீதென்றோ கூறும் கருத்து முழுமையற்றதாகும்.