தீர்த்துக்கட்டும் சொல்லின் திரைக்குப் பின்னால்

சண்டிலிப்பாயிலிருந்து சைக்கிளை ரவுண் பக்கமாகத் திருப்பி, வயல்காற்று முகத்திலடிக்க ஒரு பத்து நிமிடம் மிதித்தால் மானிப்பாய். வழியெல்லாம் ஒரே வினைச்சொல் நம்மை விடாமல் துரத்தி வருவதைக் கவனித்திருக்கிறீர்களா? "கொப்பிக் கணக்கைத் தீர்த்துப்போட்டுச் சாமானைக் கொண்டு போ, தம்பி" என்பார் கடைக்காரர். எல்லைவேலிச் சண்டை தீராமல் இரண்டு வீட்டார் பிரதேச செயலகத்துப் படியேறுவார்கள். சீரணி நாகபூசணி அம்மனிடம் நேர்த்தி தீர்க்க ஒரு குடும்பம் போகும். வினை தீர்க்கச் சொல்லிக் கல்வளைப் பிள்ளையாரிடம் இன்னொரு குடும்பம் நிற்கும். சண்டை, கடன், நேர்த்தி, வினை எல்லாவற்றுக்கும் ‘தீர்’ என்ற ஒரே சொல்! இதற்குப் பொருள் எழுதி, ஈயத்தில் கோத்து, மை தடவி அச்சிட்ட இடம் வேறெங்கோ இல்லை, இதோ பக்கத்து ஊர்தான் என்று நினைத்தால் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாருங்கள், உள்ளே எட்டிப் பார்ப்போம்.

அந்த அச்சுக்கூடமே நெடுநாள் தீராத வழக்காகக் கிடந்தது. அமெரிக்க மிஷனரிகளின் அச்சுத் தொழிலாளர் ஒருவர் 1820இல் யாழ்ப்பாணம் வந்து இறங்க, ஆங்கில அரசு அவரை இருக்க விடாமல் திருப்பி அனுப்பிவிட்டது. எழுத்தும் யந்திரமும் நல்லூரில் இருந்த ஆங்கிலேய மிஷன்காரரிடம் போயின. 1834இல்தான் மைனர் என்ற அச்சாளர் வந்து மானிப்பாயில் வேலை சூடுபிடித்தது. 1841இல் ‘உதயதாரகை’ பத்திரிகை பிறந்தது. மறு ஆண்டு, 1842இல், சந்திரசேகர பண்டிதரின் உழைப்பில் 58,500 சொற்களோடு தமிழுக்குத் தமிழே பொருள் சொல்லும் அகராதி. யாழ்ப்பாண அகராதி என்பார்கள், மானிப்பாய் அகராதி என்றும் சொல்வார்கள். சண்டிலிப்பாய்க்காரரும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தலாம், அயலூர்ப் பெருமையில் அயலுக்கும் பங்குண்டு!

இனித்தான் கூத்து. சொல் எங்கிருந்து வந்தது? ஓலைச்சுவடிகளிலிருந்தும்தான். ஓலையில் புள்ளி குத்த மாட்டார்கள், குத்தினால் ஓலை கிழியும். அதற்கு மேல், ஓலை எழுத்தில் ரகரத்துக்கும் காலுக்கும் வித்தியாசமே கிடையாது. புள்ளி இல்லாததால் ‘தீர்’ என்று எழுத்தாணி எழுதியதை ‘தீர’ என்றும் வாசிக்கலாம். ஒன்று முடிவுக்கு வருகிற வினை. மற்றது ‘முழுக்க’ என்று பொருள்படும் ‘தீர விசாரி’க்கிற தீர. எது எது என்று இடம் பார்த்துப் பண்டிதர் தீர்மானித்த பிறகுதான் அச்சுக்கோப்பவரின் கை எழுத்துப் பெட்டிக்குள் போகும். புள்ளி வைக்கிற அந்த ஒரு கணத்துக்குள் எத்தனை வருடப் படிப்பு ஒளிந்திருக்கிறது!

அதுவரை பள்ளிப் பிள்ளைகள் சொற்பொருளைச் சூடாமணி நிகண்டில் பாட்டாகத்தான் மனனம் செய்தார்கள். பாட்டு மறந்தால் சொல்லும் போச்சு. அகரவரிசையோ யாருக்கும் திறந்த கதவு. ஆனால் அகரவரிசைக்குக் குசும்பு அதிகம். ‘தீர்’ வீட்டுக்குப் பக்கத்திலேயே தீர்க்கமும் தீர்த்தமும் குடிவந்துவிடுகின்றன. பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி, விசாரித்தால் இரண்டும் வடமொழி வழி வந்தவை. கொடியேற்றத்தில் தொடங்கும் திருவிழா தீர்த்தத்தோடு முடிவதால் ‘தீர்ந்ததால் தீர்த்தம்’ என்று சத்தியம் பண்ணும் பெரியவர்களை நான் அறிவேன். அவர்களோடு வாதாடி வெல்ல முடியாது. தீர்ப்பும் தீர்வும் தீர்வையும் மட்டும் அசல் பிள்ளைகள். சுங்கத்தில் நம்மைப் பிழிந்தெடுக்கும் இறக்குமதித் தீர்வை இந்தக் குடும்பம்தான்.

அடுத்து வருபவர், உடுவிலில் இருந்துவிட்டுச் சென்னைக்குப் போன மைரன் வின்சுலோ பாதிரியார். நல்லூர் நைட் பாதிரியார் தொடங்கிவைத்துவிட்டு இறந்துபோன சொற்சேகரிப்பு வேலை கைமாறி இவரிடம் வந்து, 1862இல் 67,452 சொற்களோடு தமிழ் - ஆங்கில அகராதியாக வெளிவந்தது. வினைச்சொல் வந்தால் தன்மையிலே காலம் காட்டுவது அவருடைய வழக்கம். நடக்கிறேன், நடந்தேன், நடப்பேன் என்று போகும் வரை சரி. கொல்லுகிறேன், கொன்றேன், கொல்வேன் என்று ஒரு பாதிரியார் வாக்குமூலம் கொடுப்பதை வாசித்துப் பாருங்கள், சிரிப்பு வராவிட்டால் கேளுங்கள்! 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியோ கட்டு செட்டு. தானே முடிகிற ‘தீர்தல்’ நாலாம் வகுப்பு, ஒன்றை முடிக்கிற ‘தீர்த்தல்’ பதினோராம் வகுப்பு என்று இரண்டையும் வேறு வேறு வாங்கில் உட்கார்த்திவிட்டது.

ஒத்த சொற்கள்? ஒழி, நீக்கு, போக்கு, களை, அகற்று, முடி, அறு, கழி. வரிசையாகச் சொல்லிவிடலாம், ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்துப் பாருங்கள், ஊர் சிரிக்கும். பசியைத் தீர்க்கலாம், களைய முடியாது. களையைக் களையலாம், தீர்க்க முடியாது. சண்டிலிப்பாய் வீடுகளில் காய்ச்சல் தீருவது அபூர்வம். "காய்ச்சல் மாறிட்டுதோ, பிள்ளை?" என்றுதான் அம்மம்மா கேட்பா. துடக்கு தீராது, கழியும். நாவூறும் கழிக்கப்படுவது. காணி ஒற்றியில் இருந்தால் மீட்கிறது, முழுதாக விற்றால் அறுதி. ஆளைத் தீர்த்துக்கட்டுவதற்கு இந்தத் தீபகற்பம் போர்க்காலத்தில் ‘போட்டிட்டாங்கள்’ என்ற ஒற்றைச் சொல்லைப் பழக்கிக்கொண்டது. அதற்கு விளக்கம் இங்கே யாருக்கும் தேவைப்படாது.

எல்லாவற்றிலும் என் செல்லம், துணைவினையாக வரும் ‘தீர்’. ‘வந்தே தீருவேன்’ என்றால் வருகையை யாரும் தடுக்க முடியாது. ‘சொல்லித் தீர்த்தாள்’ என்றால் மனப்பாரம் இறங்கியது. முடித்துவைக்கிற சொல்லே பிடிவாதத்துக்கும் ஆறுதலுக்கும் வேலை செய்கிறது. ஒத்த சொல் பட்டியலில் ஒன்றுகூட இந்த இடத்துக்கு ஈடு நிற்காது.

மானிப்பாய் சொல்லோடு நிற்கவில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேலை வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்து, கலைச்சொல் ஆக்கி, பாடநூல்களும் எழுதுவித்தார். அகராதியில் ‘தீர்’ என்று அச்சிட்ட ஊரிலேயே நோய் தீர்க்கும் படிப்பும் தமிழில் நடந்தது.

சென்னைப் பேரகராதியைப் புரட்டும்போது சில பொருள்களுக்குப் பின்னால் அடைப்புக்குள் ‘யாழ். அக.’ என்று குட்டியாக நிற்பதைக் கவனியுங்கள். அது மானிப்பாய் அகராதியின் முத்திரை! பேரகராதியை இன்று இணையத்தில் யாரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். உங்கள் வீட்டில் அம்மம்மா, அப்பப்பா சொல்லும் ‘கழி’யும் ‘மாறு’வும் ‘அறு’வும் அதில் இருக்கின்றனவா என்று ஒரு தடவை பாருங்கள். இல்லாததை, எந்த ஊரில் யார் வாயில் எப்படி வந்தது என்ற விவரத்தோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். 1842இல் 58,500 சொல் சேர்ந்ததும் இப்படி ஒவ்வொன்றாகத்தான்.